விரதத்தில் நிறுத்திய மாத்திரை

(திருச்செந்தூர் வட்டார மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது. அவர் பேசியபடியே தந்திருக்கிறோம்.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கை வாசிப்பதோடு சரி. போன கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி, "இந்த ஐப்பசிக்கு சஷ்டி ஆறு நாளும் கோயில்லயே கெடக்கப் போறேன்க்கா. மாத்திரை எல்லாத்தையும் வீட்டுல வச்சிட்டுத்தான் போவேன்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவளுக்கு இருப்பதும் எனக்கு இருப்பதும் ஒரே நோய். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அன்றைக்கே தலைவி அக்காவிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கினேன்.

அந்த நோய்க்குப் பெயர் லூபஸ். சீட்டில் எஸ்.எல்.இ. என்று எழுதுவார்கள். சுகர், பிரஷர் மாதிரி வீட்டுக்கு வீடு இருக்கிற நோய் இல்லை. நம் உடம்பில் கிருமி நுழையாமல் காவல் காக்க ஒரு எதிர்ப்புச் சக்தி இருக்குல்லா, அது வீட்டுக்காரரையே கடிக்கிற நாய் மாதிரி நம் உடம்பையே எதிரியாக நினைத்துக் கடிக்க ஆரம்பித்துவிடும். மூட்டைக் கடிக்கும், தோலைக் கடிக்கும், சில பேருக்குச் சிறுநீரகத்தையும் கடிக்கும். ஏன் வருகிறது என்று ஒரே காரணமாகச் சொல்ல முடியாது. ஒட்டுவாரொட்டி இல்லை. பத்துப் பேருக்கு வந்தால் அதில் ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பிள்ளை பெறுகிற வயதில்தான் அதிகம் வருகிறது.

எனக்கு 2016-ல் வந்தது. விட்டு விட்டுக் காய்ச்சல், விரல் மூட்டெல்லாம் வீக்கம், வாயில் புண், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வெயிலில் போய் வந்தால் இரண்டு கன்னத்திலும் சிவந்து தடித்துவிடும். சிக்குன்குனியா என்றார்கள், வாதம் என்றார்கள், கண்ணேறு என்று சுற்றிப் போட்டார்கள். ஒரு வருஷம் அப்படியே போனது. பிறகு திருநெல்வேலிக்குப் போய் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்த பிறகுதான் பெயர் தெரிந்தது. மருந்துச் செலவுக்கு நம் குழுவில் உள்கடன் பத்தாயிரம் எடுத்தேன். கடன் மனுவோடு மருந்துச் சீட்டின் நகலையும் வைக்க வேண்டும் என்று எங்கள் ஊக்குநர் மதினி பிடிவாதமாக நின்றாள். "ஏன் இவ்வளவு கெடுபிடி" என்று அன்றைக்கு அவள் மேல் எனக்குக் கோபம். அந்தக் காகிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்குத் தந்தது முக்கியமாக இரண்டு மாத்திரை. ஒன்று பிரெட்னிசோலோன். கடையில் வைசோலோன், ஆம்னாகார்டில் என்ற பெயர்களில் கிடைக்கும். இதுதான் எல்லோரும் பயப்படுகிற ஸ்டீராய்டு. மற்றது ஹைட்ராக்சிகுளோரோகுயின். பெரியவர்களுக்கு மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த குளோரோகுயின் ஞாபகம் இருக்கும், அதற்குத் தங்கச்சி முறை இது.

ஸ்டீராய்டு என்றதும் முகத்தைச் சுளிக்கிறோம். 1948-ல் அமெரிக்காவில் மூட்டு நோயால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு இந்த வகை மருந்தை முதன்முதலாகக் கொடுத்தார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் அதற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் லூபஸ் வந்தவர்களில் நாலு வருஷம் தாண்டியவர்கள் பாதிப் பேர்தான். இன்றைக்கு நான் உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன் என்றால் மாத்திரைதான் காரணம். கெடுதலும் இருக்கிறது, மறைக்கவில்லை. முகம் உப்பும், பசி தாங்க முடியாது, சுகர் ஏறும், எலும்பு தேயும், கிருமி சீக்கிரம் தொற்றும். அதனால்தான் டாக்டர் அளவு பார்த்து ஏற்றி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். ஏற்றுவதும் இறக்குவதும் அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

நான் அதை என் கையில் எடுத்தேன். 2018 ஐப்பசி. கந்த சஷ்டி. எங்கள் வீட்டில் தலைமுறையாக விரதம் இருக்கிறவர்கள். நோய் வந்ததிலிருந்து இருக்க முடியவில்லை என்ற ஏக்கம். அந்த வருஷம் மூட்டு வலி நன்றாகக் குறைந்திருந்தது. தினமும் 15 மில்லிகிராம் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தேன். "வலிதான் இல்லையே, விரதத்துல மாத்திரை திங்கக் கூடாதுல்லா" என்று நானாகவே முடிவு செய்து, மாத்திரை டப்பாவைப் பரணில் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டேன். ராத்திரி மட்டும் பால், பழம். நாழிக்கிணற்றில் குளியல், கடற்கரையில் படுக்கை.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் கை கால் எல்லாம் துவண்டது. விரதக் களைப்பு என்று நினைத்தேன். நாலாம் நாள் காலையில் வாந்தி. எழுந்து நின்றால் கண் இருட்டியது. கூட இருந்தவர்கள், "வயிறு காலியா இருக்குல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். மத்தியானம் மண்டபத்துத் தூணைப் பிடித்தபடியே சரிந்துவிட்டேன். 108-க்குப் போன் பண்ணி ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவங்க என்ன மாத்திரை சாப்பிடுதாங்க?" கூட வந்த என் மதினிக்குத் தெரியவில்லை. "ஏதோ மூட்டு வலி மாத்திரை, வெள்ளையா இருக்கும்" என்றாளாம். வெள்ளை மாத்திரை ஆயிரம் இருக்கிறது. வீட்டுக்காரர் தூத்துக்குடியில் வேலையில், போன் எடுக்கவில்லை. அப்போது மதினிக்கு ஊக்குநர் ஞாபகம் வந்திருக்கிறது. ஊக்குநர் ஓடிப்போய்க் குழுவின் தகரப் பெட்டியைத் திறந்து, என் கடன் மனுவில் இருந்த மருந்துச் சீட்டு நகலை எடுத்து, போனிலேயே எழுத்தெழுத்தாக வாசித்திருக்கிறாள். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. உடனே ஸ்டீராய்டு ஊசி, குளுக்கோஸ். சாயங்காலம் கண் திறந்தேன். சூரசம்ஹாரம் பார்க்கவில்லை. வார்டு ஜன்னல் வழியாகக் கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். சிறுநீரகத்துக்கு மேல் இரண்டு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை அதுவே தினமும் சுரக்கும். வெளியிலிருந்து மாத்திரையாகப் பல வாரம் போனால், "எனக்கு வேலை இல்லை" என்று அது தூங்கிவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அது உடனே எழுந்து வேலை செய்யாது. மாத்திரையும் இல்லை, சுரப்பும் இல்லை. ரத்த அழுத்தம் விழும், வாந்தி வரும், உயிரே போகும். சிறுகச் சிறுக இறக்கினால்தான் சுரப்பி விழித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொன்னார், இதைத் தயவுசெய்து கேட்டுக்கோங்க. காய்ச்சல், வாந்தி, பேதி வந்தால் நமக்கு முதலில் நிறுத்தத் தோன்றுவது இந்த மாத்திரையைத்தான். உண்மையில் அன்றைக்குத்தான் உடம்புக்கு அது கூடுதலாகத் தேவை. மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தியில் வந்துவிட்டால் வீட்டில் சுக்குக் காப்பி போட்டுக் காத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியாகப் போட வேண்டும். பல் பிடுங்கப் போனாலும், ஆபரேஷன் என்றாலும், "நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்போது நான் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுகிறேன். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு எரியும், ராத்திரி போட்டால் தூக்கம் வராது. சஷ்டிக்கும் போகிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு, காலையில் கொஞ்சம் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுவிட்டு வந்து உட்காருகிறேன். "நோயாளிப் பிள்ளைய முருகன் கோவிச்சுக்கிடவா போறான்" என்று என் மாமியாரே சொல்லிவிட்டார். காயல்பட்டினத்துச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன், நோன்புக்கு முன்னாடியே டாக்டரைக் கேளுங்க. நோயாளிக்கு விலக்கு உண்டு என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது மாத்திரையின் குணம் வேறு. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மெதுவாக வேலை செய்யும், பலன் தெரியவே மாதக்கணக்கில் ஆகும், நிறுத்தினாலும் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். அதனால் "போடாவிட்டாலும் ஒன்றும் ஆகவில்லையே" என்று ஏமாறுவோம். சில மாதம் கழித்து நோய் திரும்பி வரும். 2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்கு இது மருந்து என்று செய்தி பரவியது, ஞாபகம் இருக்கா? கடைகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். மார்ச் 26-ல் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. சீட்டு வைத்திருந்த எனக்கும் கடையில் இருப்பு இல்லை, பஸ்ஸும் இல்லை. உலகத்திலேயே இந்த மாத்திரையை அதிகமாகச் செய்வது நம் நாடு. நமக்கே இல்லை! எங்கள் குழுப் பெண்கள் உடன்குடி, குரும்பூர், ஆறுமுகநேரி என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு இரண்டு அட்டை தேடித் தந்தார்கள். ஜூன் மாதமே இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வில், கொரோனா நோயாளிக்கு இதனால் பலன் இல்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு மாத மாத்திரை எப்போதும் கையிருப்பு வைத்திருக்கிறேன்.

இந்த மாத்திரையில் பார்க்க வேண்டியது கண். அளவு எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. என் எடை 45 கிலோ, அப்படியானால் 225-க்குள். அதனால் எனக்கு 200 மில்லிகிராம் ஒன்று. எடை குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆரம்பித்த முதல் வருஷத்துக்குள் ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனை, ஐந்து வருஷம் ஆன பிறகு வருஷா வருஷம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் முன்னாடியே பார்க்கச் சொல்வார். பார்வை நன்றாகத்தானே இருக்கு என்று இருந்துவிடாதீர்கள். பார்வை மங்கும்போது சேதம் நடந்து முடிந்திருக்கும்.

கல்யாணமான தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. உண்டானதும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் தொடரத்தான் சொல்கிறார்கள். மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை கர்ப்பத்தில் ஆகவே ஆகாது. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே, மாதங்களுக்கு முன்னாலேயே டாக்டரிடம் பேசி மாற்ற வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் இன்னொரு வகையிலும் ஆபத்து. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மாத்திரை. தினமும் என்று தவறாக நினைத்துப் போட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே தமிழில் எழுதி வாங்குங்க.

எங்கள் பெரியம்மை, "ஏளா, எனக்கும் மூட்டு வலி, உன் மாத்திரையில ஒரு அட்டை தா" என்று கேட்டார். அவருக்கு சுகர் இருக்கிறது. கொடுத்திருந்தால் சுகர் எங்கேயோ போயிருக்கும். கொடுக்கவில்லை, ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. இரண்டே நாளில் வலி பறக்கும் என்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் சிலர் பொடி விற்கிறார்கள். அந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாகப் பல ஊர்களில் பிடிபட்டிருக்கிறது. வலி மாத்திரையையும் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். லூபஸ்காரர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறது. சிறுநீரில் நுரை நிற்கிறதா, கால் வீங்குகிறதா என்று பார்த்துக்கோங்க.

எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தினமும் மாத்திரை சாப்பிடுகிற உறுப்பினர் ஒவ்வொருவரும் சீட்டு நகலைத் தகரப் பெட்டியில் வைக்கிறோம், கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். மாற்றிக் கொடுத்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறோம். ஒரு சின்ன அட்டையில் நோயின் பெயர், மாத்திரை, அளவு எழுதித் தாலிச்சரட்டுப் பையிலோ மணிபர்ஸிலோ வைத்திருக்கிறோம். என்னுடைய அட்டையில் முதல் வரி, "ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன், திடீரென்று நிறுத்தக் கூடாது."

அந்தத் தங்கச்சியும் இங்கே இருக்கிறாள், தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள். கோபப்படாதே அம்மா. சஷ்டிக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேரும் காலை ரயிலில் திருநெல்வேலிக்குப் போய், விரதத்தில் மாத்திரையை எப்படிப் போடுவது என்று டாக்டரிடமே கேட்டுவிட்டு வரப் போகிறோம். கூட வருகிறவர்கள் சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.