மாதவிலக்கு நின்ற பிறகு

(வளர்கல்வி மையத்தில் பெண் மருத்துவர் ஒருவர் பேசியது)



இன்று பேசப்போவது வெளியில் சொல்லக் கூசும் விஷயம். இங்கே ஆண்கள் யாரும் இல்லை. ஆகவே ஒளிக்காமல் பேசுவோம்.

நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதிலிருந்து 50 வயதுக்குள் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அப்போது சூலகத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு மிகவும் குறைந்துவிடும். பிறப்புறுப்பின் உள்தோலை ஈரமாகவும் உறுதியாகவும் வைத்திருந்தது இந்தச் சுரப்புதான். அது குறைந்ததும் தோல் மெலிந்து, உலர்ந்து போகிறது. அரிப்பும் எரிச்சலும் வருகின்றன. கணவரோடு சேரும்போது வலிக்கிறது. சிறுநீர்ப் பாதையும் பக்கத்திலேயே இருக்கிறது அல்லவா? அதுவும் மெலிகிறது. அடிக்கடி ஒன்றுக்கு வரும். வந்தால் அடக்க முடியாது. நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வரும்.

நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். பஸ் ஏற பயப்படுகிறார்கள். கல்யாண வீட்டுக்குக்கூடப் போவதில்லை. "உடம்புச் சூடு" என்று சொல்லிப் பொறுத்துக்கொள்கிறார்கள். சிலர் உள்ளே சோப்புப் போட்டுக் கழுவுகிறார்கள். அது எரிச்சலைக் கூட்டும். திடீரென்று உடம்பில் அனல் அடிக்கிறதே, அது பலருக்குச் சில வருடங்களில் தானே தணியும். இந்த வறட்சி அப்படித் தணியாது. கவனிக்காவிட்டால் கூடத்தான் செய்யும்.

கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று நினைக்காதீர்கள். 2019இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் அரசுக் குழு ஒன்று விசாரித்தது. கரும்பு வெட்டப் போகும் பெண்களில் 13,000 பேருக்கு மேல் கருப்பையை இழந்திருந்தார்கள். சூலகத்தையும் சேர்த்து எடுத்தால், இந்த வறட்சி இளம் வயதிலேயே வந்துவிடும்.

இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. எஸ்ட்ரியால் என்ற களிம்பு. குறைந்த சுரப்பை அந்த இடத்திலேயே கொடுக்கும். களிம்பை உள்ளே செலுத்த ஒரு பிளாஸ்டிக் குழல் உண்டு. டாக்டர் காட்டிய கோடு வரை களிம்பை ஏற்றி, படுக்கும்போது உள்ளே செலுத்த வேண்டும். வழக்கமாக முதல் 2 வாரம் தினமும் இரவில். பிறகு வாரத்துக்கு 2 முறை. குழலைக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். குணம் தெரியச் சில வாரம் ஆகும். 2 நாளில் பலன் இல்லை என்று வீசிவிடாதீர்கள். நிறுத்தினால் தொல்லை மெல்லத் திரும்பும்.

ஹார்மோன் என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. விழுங்கும் மாத்திரை உடம்பு முழுவதும் பரவும். இந்தக் களிம்பு இரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கிறது. ஆனாலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அந்த டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

கடையில் நீங்களாக வாங்கவும் வேண்டாம். அரிப்புக்குச் சர்க்கரை நோயும் காரணமாகலாம். சிறுநீரில் கிருமி இருந்தால் அதற்கு வேறு மருந்து. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே காட்டுங்கள். புற்றுநோய் இல்லை என்று பார்த்தாக வேண்டும்.

டாக்டரிடம் வாயால் சொல்ல வெட்கமா? ஒரு சீட்டில் எழுதுங்கள். "மாதவிலக்கு நின்று 4 வருடம். எரிகிறது. ஒன்றுக்கு அடக்க முடியவில்லை." இவ்வளவு போதும். உங்களுக்குத்தான் இப்போது எழுத வருமே!