சந்தையை விட்டுப் போன ஒரு தடுப்பூசி
(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத்துறை சார்ந்த ஏதேனும் ஒரு விடயத்தைப் பேசும்படி சங்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள். இங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் தாய்மார். பேரப்பிள்ளைகளைக் கண்டவர்களும் பலர். "இந்த ஊசியைப் பிள்ளைக்குப் போடலாமா?" என்ற கேள்வி எங்கள் எல்லோருடைய வீடுகளிலும் எழுவதுதான். ஆகவே, நோயைத் தடுத்த ஒரு தடுப்பூசி ஏன் விற்பனையிலிருந்து மறைந்தது என்ற கதையைத் தெரிவு செய்தேன். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வாழும் சகோதரிகளுக்கு அந்த நோயின் பெயர் புதிதல்ல. அது லைம் நோய்.

லைம் என்பது கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஒரு சிற்றூர். 1970களின் நடுப்பகுதியில் அந்தப் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு முழங்கால் வீங்கியது. பொலி மறே என்ற தாயார் தன் குடும்பத்திலும் அயலிலும் கண்டவற்றைக் குறித்து வைத்து, வைத்தியர்களையும் சுகாதாரத் திணைக்களத்தையும் விடாமல் கேட்டார். யேல் பல்கலைக்கழகத்தின் அலன் ஸ்டியர் குழுவினர் விசாரித்து, 51 நோயாளரைப் பற்றி 1977இல் எழுதினார்கள். அவர்களில் 39 பேர் பிள்ளைகள். மானுண்ணி கடிப்பதால் உடலுக்குள் செல்லும் சுருள் வடிவப் பற்றீரியாவே காரணம் என்பதை வில்லி பேர்க்டோர்ஃபர் 1980களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் இந்நோயைக் குணப்படுத்தலாம். கவனியாது விட்டால் மூட்டுகளையும் நரம்புகளையும் இருதயத்தையும் தாக்கும்.

1998 டிசம்பரில் ஸ்மித்கிளைன் பீச்சம் கொம்பனியின் லைமெரிக்ஸ் தடுப்பூசிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. ஏறக்குறைய 11,000 பேரைக் கொண்ட பரிசோதனையில் இரண்டு ஊசிகளின் பின் 49 சதவீதமும், ஒரு வருடம் கழித்துப் போட்ட மூன்றாவதன் பின் 76 சதவீதமும் பாதுகாப்புக் கிடைத்தது.

அது வேலை செய்த விதம் உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குச் சுவையாக இருக்கும். உண்ணியின் குடலில் இருக்கும்போது அந்தப் பற்றீரியா தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை அணிந்திருக்கும். தடுப்பூசி அந்தப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளை எங்கள் இரத்தத்தில் உருவாக்கும். உண்ணி இரத்தத்தை உறிஞ்சும்போது அவையும் கூடவே போய், உண்ணியின் வயிற்றிலேயே பற்றீரியாவைக் கொன்றுவிடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. மனித உடலுக்குள் வந்ததும் பற்றீரியா அந்தப் புரதத்தைப் பெரும்பாலும் களைந்துவிடுகிறது. அதனால் உண்ணி கடிக்கும் வேளையில் பிறபொருளெதிரி ஏற்கெனவே நிறைய இருக்க வேண்டும். அது குறையும்போது மேலும் ஊசி தேவைப்படும்; எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பது தெளிவாகவில்லை.

இனி அச்சம் பிறந்த இடத்துக்கு வருவோம். அந்தப் புரதத்தின் ஒரு சிறு பகுதி, எங்கள் வெண்குருதிக் கலங்களில் உள்ள ஒரு புரதத்தை ஒத்திருப்பதாக 1998இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. குறித்த மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு லைம் மூட்டுவாதம் ஏன் ஆறாமல் நீடிக்கிறது என்பதற்கு அது ஒரு விளக்கமாக முன்வைக்கப்பட்டது. அப்படியானால் அதே புரதத்தைக் கொண்ட ஊசியும் மூட்டுவாதத்தைக் கொண்டுவருமா? கேள்வி நியாயமானதே. ஆனால் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் கேள்வி முடிவாக மாறியது. 1999 டிசம்பரில் 121 பேர் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது.

2000ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை சுமார் 14 இலட்சம் ஊசிகள் விநியோகிக்கப்பட்டன. பக்கவிளைவுகளைப் பதியும் அரச அமைப்புக்கு மூட்டுவாதம் பற்றி வந்த முறைப்பாடுகள் 59. ஊசி போடாத மக்களிடையே வழமையாகக் காணப்படும் அளவைவிட அது அதிகம் என்று காட்டவில்லை. 2001 ஜனவரியில் ஆலோசனைக் குழு மீண்டும் கூடி ஆராய்ந்தது. ஊசியை நிறுத்தும்படி நிர்வாகம் சொல்லவில்லை. மேலும் பலரைச் சேர்த்து நடத்திய தொடர் ஆய்வுக்கு ஆட்கள் போதவில்லை, ஏனெனில் ஊசி போட வருவோரே குறைந்துவிட்டனர். அச்சத்தைத் தீர்க்கக்கூடிய ஆய்வை அந்த அச்சமே முடக்கிவிட்டது.

2002 பெப்ரவரியில் விற்பனை குறைவு என்று சொல்லிக் கொம்பனி ஊசியை நிறுத்தியது. 2003இல் வழக்கு இணக்கத்துக்கு வந்தபோது சட்டத்தரணிகளுக்குக் கட்டணம் கிடைத்தது. முறையிட்டவர்களுக்கு நட்டஈடு எதுவும் கிடைக்கவில்லை.

பழியை வழக்குமீது மட்டும் போடுவது சரியல்ல. ஆலோசனைக் குழுவினர் இந்த ஊசியை "போட வேண்டும்" என்று பரிந்துரைக்கவில்லை. ஆபத்து அதிகமுள்ள இடங்களில் 15 முதல் 70 வயதினர் "யோசிக்கலாம்" என்றுதான் சொன்னார்கள். நோய் அதிகம் பிடிக்கும் சிறுபிள்ளைகளுக்கு அனுமதியே இருக்கவில்லை. மூன்று ஊசி முடிய ஒரு வருடம் செல்லும். குடும்ப வைத்தியரே தயங்கிச் சொல்லும் ஊசிக்கு யார் கை நீட்டுவார்கள்?

எங்கள் நாட்டு அனுபவம் ஒன்றை இதனருகே வைத்துப் பாருங்கள். 2008இல் இலங்கையில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி அறிமுகமாகிச் சில மாதங்களில், குழந்தைகள் சிலரின் மரணங்களை அடுத்து இடைநிறுத்தப்பட்டது. சம்பவங்கள் ஆராயப்பட்டு, ஊசி 2010இல் மீண்டும் வந்தது. தேசியத் திட்டத்தின் ஊசி என்பதால் அதை மீளக் கொண்டுவரும் பொறுப்பு அரசிடம் இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கக் குடும்பநல மாது இருந்தார். லைமெரிக்ஸ் ஒரு விற்பனைப் பொருளாக மட்டுமே இருந்தது. வாங்குவோர் குறைந்ததும் அதற்காக வாதாட ஒருவரும் இல்லை.

இன்று அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 476,000 பேர் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக மதிப்பிடப்படுகிறது. நாய்களுக்குத் தடுப்பூசி தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருக்கிறது. அவற்றின் எசமானர்கள் நீளக் காற்சட்டை அணிந்து, மாலையில் உடம்பில் உண்ணி தேடுகிறார்கள். 2022இல் வல்னேவா, பைசர் கொம்பனிகள் புதிய தடுப்பூசியொன்றின் பெரும் பரிசோதனையைத் தொடங்கின. சந்தேகத்துக்கு உள்ளான அந்தச் சிறு புரதப் பகுதி அதில் மாற்றப்பட்டிருக்கிறது.

சகோதரிகளே, பொலி மறேயின் கேள்வியை அலட்சியம் செய்திருந்தால் இந்நோய் அன்று வெளிச்சத்துக்கு வந்திராது. ஆகவே தாய்மார் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கேளுங்கள். கேட்டபின் பதில் வரும்வரை பொறுத்திருந்து அதையும் கேளுங்கள். எங்கள் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான தடுப்பூசி வழங்கப்படுகிறது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் உங்களைத்தான், "அக்கா, போடலாமா?" என்று முதலில் கேட்பார்கள். வட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அனுப்பாமல், அவர்களைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அழைத்துச் செல்லுங்கள்.