வயலில் நீர்க்கிராம்பை இனம் காண்போம்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



நெல் வயலில் மஞ்சள் பூவுடன் நிற்கும் ஒரு களையைப் பற்றி இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் நீர்க்கிராம்பு. நடவு வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் இதனைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆனால் நீர்க்கிராம்பு என்று நாம் அழைப்பது ஒரே செடியன்று. பல இனங்களுக்கு அந்த ஒரு பெயரே வழங்கி வருகிறது. இன்ன இனம் என்று தெரிந்துகொண்டால்தான் அதனை எப்போது, எப்படி அழிப்பது என்பதும் தெரியும்.

எந்தக் குடும்பம்?

தாவரவியலார் இதனை ‘ஈவினிங் பிரிம்ரோஸ்’ என்னும் செடியின் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. அந்தி நேரத்தில் மலர்வது. அதன் விதை எண்ணெய் மருந்துக் கடைகளில் விற்கப்படுகிறது. அதன் உறவினம் ஒன்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சாலையோரங்களில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். நம் வீட்டு வாசலில் பூக்கும் அந்திமந்தாரை வேறு. அதன் குடும்பமே வேறு.

இக்குடும்பத்திற்கு உரிய அடையாளம் ஒன்று உண்டு. பூவைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். காம்பு போலத் தோன்றுவது பெரும்பாலும் காம்பு அன்று, அதுவே பிஞ்சு. காய் பூவுக்கு அடியில் இருக்கும். நீர்க்கிராம்பில் இதழ்கள் உதிர்ந்த பின்னும் பச்சைப் புல்லி இதழ்கள் காயின் தலையில் அப்படியே நிற்கும். அது கறிக்குப் போடும் கிராம்பு போலத் தோன்றுவதால்தான் இந்தப் பெயர்.

நான் செய்த பிழை

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயி தம் சம்பா வயலில் இருந்த இளஞ்செடியைக் காட்டிக் கேட்டார். சிவந்த தண்டைப் பார்த்துவிட்டு, ‘இது நீர்மேல் நெருப்பு, அதிகம் உயராது, ஒரு களையெடுப்பே போதும்’ என்று சொல்லிவிட்டேன். அவரும் நம்பி இரண்டாம் களையை விட்டுவிட்டார். கதிர் வரும் சமயம் சென்று பார்த்தால், பயிருக்கு மேலே மஞ்சள் பூக்கள்! காய்கள் முற்றி விதை சிந்தத் தொடங்கியிருந்தன. களையெடுக்க வந்திருந்த ஓர் அம்மாள் என்னிடம், ‘நெருப்புக்கு இலை எதிரும் புதிருமா இருக்கும் தம்பி, கிராம்புக்கு மாத்தி மாத்தி இருக்கும்’ என்றார். புத்தகத்தில் படித்ததை நான் வயலில் பார்க்கத் தவறியிருந்தேன்.

அந்த அம்மாள் சொன்னதே சரியான அடையாளம். நீர்மேல் நெருப்பில் தண்டு சதுரமாகவும், இலைகள் எதிரெதிராகவும் இருக்கும். மிகச் சிறு பூக்களும் உருண்டைக் காய்களும் இலைக் கக்கத்தில் கொத்தாக ஒட்டியிருக்கும். நீர்க்கிராம்பில் இலைகள் மாறி மாறி அமையும். பூ தனித்தனியாக வரும். காய் நீளமாக இருக்கும். முதல் ஒன்றிரண்டு இலைகளை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஐந்தாறு இலை வந்த பின் பாருங்கள்.

இனங்கள்

1. லுட்விஜியா பெரென்னிஸ்: நெல் வயலில் காணப்படும் ஓராண்டுச் செடி. பூ சிறியது. மகரந்தத் தாள்கள் பெரும்பாலும் நான்கு. காய் குட்டையானது, சுமார் 1 முதல் 2 செ.மீ. நீளம்.

2. லுட்விஜியா ஹைசோபிபோலியா: பூ இதுவும் சிறியதே, ஆனால் மகரந்தத் தாள்கள் எட்டு. காய் ஒல்லியாக இருந்து, மேற்பகுதி மட்டும் சற்றுப் புடைத்திருக்கும்.

3. லுட்விஜியா ஆக்டோவால்விஸ்: ஆள் உயரத்திற்கும் வளரும், அடித்தண்டு கட்டையாகும். பூ பெரியது; தாள்கள் எட்டு. காய் 2 முதல் 4 செ.மீ. வரை நீண்டு, எட்டு வரிகளுடன் இருக்கும். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் மிகுதி.

4. லுட்விஜியா அட்சென்டென்ஸ்: நீரில் மிதந்து படரும். கணுக்களில் வெண்ணிறப் பஞ்சு போன்ற மிதவைகள் இருக்கும். பூ வெளிர் நிறம், நடுவில் மஞ்சள், இதழ் ஐந்து.

மலைச் சதுப்புகளில் பெரும் புதராகப் பரவியிருக்கும் லுட்விஜியா பெருவியானாவும் இவற்றின் உறவினமே. அழகான பூ என்று கருதி அதனைக் கீழே கொண்டு வந்து நட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

முதல் இரண்டு இனங்களும் விதையால் மட்டுமே பெருகுபவை. விதை தூசி போல நுண்ணியது; நீரோடு அடுத்த வயலுக்கும் செல்லும். மண்ணின் மேற்பரப்பில் வெளிச்சம் படும் விதைதான் நன்கு முளைக்கும். ஆகவே சேற்றுழவை நன்கு செய்து, நிலத்தைச் சமப்படுத்தி, நட்ட பயிர் பிடித்த பின் மேடு தெரியாமல் நீர் நிறுத்துங்கள். நட்ட 15ஆம் நாளும் 35ஆம் நாளும் களையெடுங்கள். வரிசை நடவாயின் கோனோவீடர் ஓட்டலாம். முதல் பூ தெரியும் முன் செடி வயலை விட்டு வெளியேற வேண்டும். காய் பிடித்த செடியை எருக்குழியில் போடாதீர்கள்.

மூன்றாவது இனத்தை அரிவாளால் அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். மண்வெட்டியால் வேரோடு தோண்டுங்கள். வயல் சுத்தமாக இருந்தும் வரப்பில் அது காய்த்து நின்றால், அடுத்த போகத்திற்கு நாமே விதைத்தது போலாகும். நான்காவது இனத்தைத் துண்டு துண்டாக வெட்டி நீரிலேயே விடாதீர்கள். ஒவ்வொரு கணுவும் வேர்விடும். வாரி எடுத்து மேட்டில் காய வையுங்கள்.

களைக்கொல்லி வாங்கும்போதும் இனம் அறிதல் உதவும். சைஹலோபாப் பியூட்டைல் போன்றவை புல்வகைக் களைகளுக்கு மட்டுமே. நீர்க்கிராம்பு அகன்ற இலைக் களை. அம்மருந்து அதனை ஒன்றும் செய்யாது. பணம் வீணாகும், பருவமும் தவறும். செடியைப் பிடுங்கி எடுத்துச் சென்று வேளாண்மை அலுவலரிடம் காட்டி, அதன்பின் மருந்து வாங்குங்கள்.

நாளைக் காலை வயலுக்குப் போகும்போது ஒரு மஞ்சள் பூவைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். உடன் வரும் களையெடுப்போரையும் கேளுங்கள். அவர்கள் கைக்குத் தெரிந்தது பல வேளைகளில் எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.