பாப்டிஸ்ட் சபையின் பாட்டும் பணியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேவாரப் பண்ணையும் நாகூர்ப் பாடல்களையும் கேட்டுச் சுவைக்கும் செவியுடையவர் நீங்கள். கிறித்தவர் பாட்டைப் பற்றியும் சிறிது பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். கிறித்தவம் ஒரு கடல். கடலின் எல்லாத் துறைகளிலும் ஒரே நாளில் நீராட இயலாது. ஆதலின் பாப்டிஸ்ட் சபை என்னும் ஒரு துறையில் மட்டும் இறங்கத் துணிந்தோம். ஏன் அந்தத் துறை என்று கேட்பீர்கள். வழிபாட்டில் பாடலாமா, பாடலாமெனின் யார் பாடுவது, எந்தக் கருவியோடு பாடுவது என்னும் கேள்விகளை அவர்களைப் போல் வேர்வரை தோண்டிப் பார்த்தவர் அரியர். அவர்கள் தோண்டிய இடத்திலேயே இன்று சான்பாடாவில் நம் குடும்பங்களும் வந்து நிற்கின்றன.

இச்சபையின் பிறப்பே புலம்பெயர்ந்தோர் கதைதான். நாம் பிழைப்பை நாடி வந்தோம். அவர்கள் கொள்கையைக் காக்கச் சென்றார்கள். தாய்நாட்டில் ஒடுக்கப்பட்ட ஆங்கிலேயர் சிலர் ஹாலந்துக்குக் குடிபெயர்ந்து, 1609இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஜான் ஸ்மித் என்னும் போதகரின் தலைமையில் ஒரு சபையாகக் கூடினர். கைக்குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பதை அவர்கள் ஏற்கவில்லை. அறிந்து நம்பி முன்வருவோர்க்கே அது உரியது என்றனர். நாளடைவில் நீரில் முழுவதும் மூழ்கி எழுவதே முறையென்றும் கொண்டனர். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும். மேலிருந்து ஆணையிடும் ஆயர் இல்லை. போதகர் உண்டு; ஆயினும் மக்களுக்கும் கடவுளுக்கும் இடையில் நிற்கும் குருக்கள் என்றொரு வகுப்பு இல்லை. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்வரும் வழக்குகள் யாவும் அதிலிருந்தே முளைத்தன.

வழிபாட்டு வேளையில் புத்தகத்தைப் பார்த்து ஓதினால் உள்ளத்தின் உண்மை குன்றிவிடும் என்று ஸ்மித் கருதினார். அவ்வாறாயின், எவரோ யாத்த பாட்டைப் பலர் கூடிப் பாடுவது மட்டும் எப்படித் தகும்? இந்த ஐயத்தால் ஆங்கில நாட்டுப் பாப்டிஸ்ட் சபைகள் பலவற்றில் கூட்டுப் பாடல் என்பதே இல்லாதிருந்தது. தாலாட்டு முதல் ஒப்பாரி வரை பாட்டோடு வாழ்ந்த நம்மவர்க்கு இது விந்தையாகவே தோன்றும்.

அந்த மௌனத்தை உடைத்தவர் பெஞ்சமின் கீச். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், ஹார்ஸ்லிடவுன் என்ற பகுதியில் போதகராயிருந்தவர். மனிதர் உறுதி படைத்தவர். சிறுவர்க்கென ஒரு பாட நூல் எழுதிய குற்றத்திற்காக 1664இல் ஊர் நடுவே கழுத்தையும் கையையும் மரச்சட்டத்தில் பூட்டி நிறுத்தினர். நூலையும் அவர் கண்ணெதிரே எரித்தனர். அத்தகையவர் பாட்டைச் சபைக்குள் கொண்டுவந்த விதம் மட்டும் மிகவும் மென்மையானது. 1673இல், திருவிருந்து முடிந்தபின் ஒரே ஒரு பாட்டு என்று தொடங்கினார். கடைசி இராவுணவுக்குப் பின் இயேசுவும் சீடரும் பாடியதாக மறைநூல் கூறுகின்றதன்றோ? அதுவே அவர் காட்டிய சான்று. பின்னர் நன்றி கூறும் சிறப்பு நாட்களில் பாடினர். வாரந்தோறும் பாடுவது என்று சபை முடிவு செய்தது 1691 அளவில்தான். ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள்! அப்போதும் பாட்டை வழிபாட்டின் இறுதியில் வைத்து, மனம் ஒப்பாதவர் முன்னரே எழுந்து செல்ல வழிவிட்டார் கீச்.

அவ்வளவு பொறுத்தும் இருபத்திருவர் சபையை விட்டு விலகினர். ஐசக் மார்லோ என்பவர் 1690இல் கூட்டுப் பாடலைக் கண்டித்து நூலெழுத, கீச் மறு ஆண்டே மறுப்பு நூல் வெளியிட்டார். எதிர்த்தவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிடுதல் தகாது. ஆவி ஏவாமல் வாய் மட்டும் பாடினால் அது நடிப்பாகிவிடும் என்று அவர்கள் அஞ்சினர். நம்பாதவரும் நம்பியவரும் ஒரே குரலாய்ப் பாடுவது பொய்யாகாதா என்றும் கேட்டனர். நேர்மையான கேள்விகளே. ஆயின் மார்லோ மற்றொன்றும் கூறினார்: சபையில் பெண்கள் வாய் திறத்தல் ஆகாதென்று இருக்க, எல்லாரும் பாடினால் பெண்களும் பாடிவிடுவார்களே என்றார். தாய்மார்கள் நகைக்கிறீர்கள்! அவர் அஞ்சியது சரியே. பாட்டு உள்ளே நுழைந்தபோது பெண்ணின் குரலும் கூடவே நுழைந்தது. விலகியவர்கள் சேர்ந்து அமைத்த பாட்டில்லாச் சபையும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் பாடத் தொடங்கிவிட்டது என்பது வரலாற்றின் குறும்பு.

கருவியைப் பற்றிய வழக்கு அடுத்து எழுந்தது. ஸ்பர்ஜன் என்னும் புகழ்மிக்க பாப்டிஸ்ட் போதகர் லண்டனில் 1861இல் திறந்த பெருங்கூடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடுவர். அத்தனை பெரிய கூடத்தில் அவர் காலத்தில் ஆர்கன் இல்லை. ஒருவர் முன்னின்று சுருதி எடுத்துக் கொடுப்பார், மக்கள் பாடுவர். பாட்டில் அவருக்கு வெறுப்பில்லை. 1866இல் தம் சபைக்கெனப் பெரியதொரு பாட்டு நூலையே தொகுத்தவர். மக்கள் செலுத்த வேண்டிய துதியைக் குழாயும் துருத்தியும் செலுத்திவிடலாகாது என்பதே அவர் எண்ணம். இன்று அதே மரபின் சபைகள் பலவற்றில் பியானோவும் கிதாரும் டிரம்ஸும் முழங்குகின்றன. வேறு சிலவற்றில் இன்றும் ஆர்ப்பாட்டம் இல்லை. தன்னாட்சி உடைய சபைகளாதலின் எல்லார்க்கும் பொதுவான கட்டளை கிடையாது.

பாட்டிலே குருக்கள் வகுப்பு இல்லையென்றால் பணியிலும் இல்லை. ஊழியம் என்பது போதகர் செய்ய, மற்றவர் பார்த்திருக்கும் காரியமன்று என்பது அவர்கள் கொள்கை. நம் நாட்டில் அதற்குச் சான்றுகள் உண்டு. 1793இல் வங்கம் வந்த வில்லியம் கேரி முன்னர்ச் செருப்புத் தைத்தவர். அவர் குழுவினர் சீராம்பூரில் தங்கியிருந்தபோது, கிருஷ்ண பால் என்ற தச்சருக்குக் கை மூட்டு பிசகியது. அதைச் சரிசெய்தவர் குழுவின் மருத்துவர் தாமஸ். அந்தத் தச்சரே 1800 டிசம்பர் 28ஆம் நாள் ஹூக்ளி ஆற்றில் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் வங்க மொழியில் பாடல்கள் புனைந்தார். பிசகிய கையைப் பொருத்தியது பணி. அதிலிருந்து பிறந்தது பாட்டு. வந்தவர்களின் பாட்டு அன்று, அந்த மண்ணின் மொழியில் அமைந்த பாட்டு.

தமிழகத்துச் சான்று நம் நெஞ்சுக்கு இன்னும் அண்மையானது. வல்வில் ஓரியின் கொல்லிமலையை அறியாத தமிழர் உண்டோ? 1861இல் லண்டனில் தோன்றிய கண்டிப்புப் பாப்டிஸ்ட் மிஷன் ஒன்றைச் சார்ந்த ஜெசி பிராண்ட் என்பவர் தம் மனைவி ஈவ்லினுடன் அந்த மலைமேல் குடியேறினார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், பள்ளி வைத்தார், தச்சும் பயிர்த்தொழிலும் கற்பித்தார். ஆண்டுகள் பல கடந்தும் சபையில் சேர்ந்தவர் எவருமில்லை. அவரைக் கடுமையாக எதிர்த்தவர் மலைக்கோயில் பூசாரி. முதல் உலகப் போரை ஒட்டி வந்த நச்சுக் காய்ச்சலில் அந்தப் பூசாரியும் படுத்தார். ஊரார் அஞ்சி ஒதுங்க, பிராண்ட் தம்பதியர் கஞ்சி கொண்டு சென்றனர். இறக்குந்தறுவாயில் பூசாரி தம் குழந்தைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். சமய வேற்றுமை எதுவாயினும் ஆகுக. எதிரியிடம் பிள்ளையை ஒப்படைக்கும் அந்த நம்பிக்கைக்கு நாம் தலைவணங்குகிறோம்.

ஜெசி பிராண்ட் 1929இல் மலைக்காய்ச்சலுக்கே இரையானார். அம்மையார் மலைகளை விடவில்லை. மிஷனிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் மட்டக்குதிரை ஏறி ஊர் ஊராய்ச் சென்று பணி செய்து, 1974இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்து அந்த மலையில் வளர்ந்தவர். பின்னர் வேலூர் மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார்.

இனித் தமிழ்ப் பாட்டுக்கு வருவோம். இங்கே பாப்டிஸ்ட் எல்லையைச் சற்றுத் தாண்ட வேண்டியிருக்கிறது, பாட்டுக்கு வேலியில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவர் வழிவந்தோரும் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கி, ஜெர்மன் மெட்டிலேயே பாடச் செய்தனர். தமிழிலே இராகமும் தாளமும் உள்ள கீர்த்தனைகளைக் குவித்துத் தந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). 1820களில் வந்த புதிய பாதிரிமார் ஆலய வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகள் வேண்டாமென்று தடுத்தபோது அவர் வீறுகொண்டு எழுந்தார். நம் பண் நம் கடவுளுக்கு ஆகாதா என்பது அவர் வழக்கின் சாரம். அதே சண்டையில் சாதி ஒழுங்கைக் காக்கவும் அவர் வாதாடினார் என்பதை மறைப்பது நேர்மையாகாது. 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த வெப் என்னும் பாதிரியார் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பின்னர் அவை ஆலயந்தோறும் பரவின.

ஆயினும் வழக்கு ஓயவில்லை. கர்நாடக இசை மட்டும் எல்லாத் தமிழருக்கும் உரிய இசையா என்று மதுரை இறையியல் கல்லூரியைச் சார்ந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005) கேட்டார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் தீண்டாதவை என ஒதுக்கிய ஆலயத்திற்குள் அவற்றையே கொண்டுவந்தார். தாராவியில் வளர்ந்தவர்களுக்கு அக்கேள்வியின் சூடு தெரியும். எந்த மெட்டு உள்ளே, எந்த மெட்டு வெளியே என்பது எந்த மனிதர் உள்ளே, எவர் வெளியே என்பதுதான்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழ்ந்த குடும்பங்கள் பல, கழியைக் கடந்து இப்பக்கம் வந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த பாட்டிக்குக் கீர்த்தனைகள் மனப்பாடம். மகனுக்குத் தமிழ் படிக்க வரும். பேரனுக்குப் பேச மட்டும் வரும். ஞாயிறு காலையில் வெள்ளித்திரை போன்ற திரையில் தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில் ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த எழுத்தில் பலமும் பாலமும் ஒன்று. எது எதுவென்று தெரியாமலே பேரன் பாடுகிறான். மேடையில் கிதாரும் டிரம்ஸும் முழங்கும்போது பாட்டியின் குரல் எவர் காதிலும் விழுவதில்லை. முதியோர் கருவிகளைக் குறை கூறுகின்றனர். இளைஞர் பழைய மெட்டைக் குறை கூறுகின்றனர். சிலர் இந்திக்கே மாறிவிட்டால் பிள்ளைகளாவது தங்குவார்கள் என்கின்றனர். இது ஆலயத்திற்கு மட்டும் உரிய வழக்கன்று. நம் பஜனைக் கூடங்களிலும் இதே பேச்சுதான்.

கீச் காலத்துச் சண்டையை இவ்வளவு விரித்துக் கூறியது இதற்காகவே. கிதாரா, ஆர்மோனியமா என்பது நமக்குப் பெரிதாகப் படவில்லை. கூடியிருப்போர் பாடுகின்றனரா, கேட்டுக்கொண்டு நிற்கின்றனரா என்பதே கேள்வி. மேடையில் ஐவர் பாட, கீழே ஐம்பதின்மர் கைதட்டினால், ஒழித்த குருக்கள் வகுப்பு வேறு வேடத்தில் திரும்பிவிட்டது. பொருளறியாமல் பேரன் பாடினால், மார்லோ அஞ்சிய வெறும் வாய்ப்பாட்டு அதுவே. இந்திக்கு மாறினாலோ, பாட்டி வாய் மூடுகிறாள். இம்மூன்றையும் தவிர்க்கும் வழி மெதுவானது. கீச்சுக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயிற்று.

ஆதலின் சங்கத்தாரிடம் ஒன்று கேட்கிறோம். வாரம் ஒரு மணி நேரம் இந்தக் கூடத்தைத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு வீட்டுப் பெரியவரும், எச்சமயத்தவராயினும், தமக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைக் கொண்டுவரட்டும். அதைப் பெரிய தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதி, ஓர் அடிக்கு ஒரு கிழமை என்று பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பிப்போம். கிதார் தெரிந்த இளைஞர் பாட்டியின் சுருதிக்குத் தம் கம்பியைக் கூட்டட்டும். அட்டையும் மையும் நம் பொறுப்பு. கூடத்தின் சாவியைச் செயலாளர் தர இசைந்தால் வரும் ஞாயிறு மாலையே தொடங்கலாம்.