யாருக்காகத் துக்கப்படுவது?

(காஞ்சிபுரம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், "பேர் பெற்றவர்கள் தாங்களாகவே ஆபத்தைத் தேடிப்போய் அடிபட்டால், அதற்காக நாம் துக்கப்பட வேண்டுமா?" என்பதாகும். இது பொழுது போகாதவர்கள் கேட்கிற கேள்வியென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இது நம் ஊர் வாசலிலேயே வந்து விழுந்த கேள்வியாகும்.

2023-ஆம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி, சென்னையிலிருந்து வேலூருக்குப் போகும் பெரிய ரோட்டில், நம் காஞ்சிபுரத்தை அடுத்த பாலுசெட்டிசத்திரம் பக்கத்தில், டி.டி.எஃப். வாசன் என்கிற வாலிபர் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டுக் கை எலும்பு முறிந்து கிடந்தார். இவர் மந்திரியல்ல, புலவரல்ல, வைத்தியரல்ல. மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராய்ப் பறப்பதைப் படம் பிடித்து யூடியூப்பில் போடுகிறவர். அதை ஆவலோடு பார்க்கிற இளைஞர்களோ லட்சக்கணக்கானவர்கள். அவர் ஓட்டிய வண்டி சுசுகி ஹயபுசா. 260 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. முன்சக்கரத்தைத் தூக்கிச் சாகசம் காட்டப் போய் விழுந்தார் என்பது போலீசாரின் வழக்கு. மாடு குறுக்கே வந்ததால் பிரேக் பிடித்தேன் என்பது அவர் தரப்பு. எது மெய் என்று தீர்ப்புச் சொல்லுவது கோர்ட்டாரின் வேலை, நம் வேலையல்ல.

இரண்டு நாள் கழித்து அவர் கைது செய்யப்பட்டுப் புழல் ஜெயிலுக்குப் போனார். அக்டோபர் 5-ந் தேதி சென்னை ஹைக்கோர்ட் ஜாமீன் மறுத்தது. அந்த வண்டியை எரித்துவிட்டால்தான் என்ன என்கிற அளவுக்கு நீதிபதி மனம் நொந்து பேசினார். நவம்பர் 1-ந் தேதிதான் ஜாமீன் கிடைத்தது. அவருடைய ஓட்டுநர் உரிமமும் 10 வருஷத்திற்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

இச்சம்பவத்தைக் கேட்டவுடன் நாட்டில் இரண்டு கட்சி ஏற்பட்டது. ஒரு கட்சியார், "ஐயோ, அண்ணனுக்கு இப்படி ஆகிவிட்டதே, எல்லாம் தலைவிதி" என்று கண்ணீர் விட்டார்கள். மற்றொரு கட்சியார், "இவனுக்கு நன்றாக வேண்டும், வினை விதைத்தான், வினை அறுத்தான்" என்று சந்தோஷப்பட்டார்கள். இரண்டையும் நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஏன் என்று சொல்லுகிறோம்.

முதலில் "நன்றாக வேண்டும்" என்கிறவர்களைக் கேட்கிறோம். எலும்பு முறிந்தால் வலிக்குமா, வலிக்காதா? பெற்ற தாய் துடிப்பாளா, மாட்டாளா? புத்தி கெட்டுச் செய்த காரியத்தால் வந்த வலி என்பதற்காக அது வலியில்லாமல் போய்விடுமா? கண் மங்கிய பின்னும் கண்ணாடி போடாமல் தறியில் உட்காருகிறவர் நம் பிள்ளையார்பாளையத்தில் இல்லையா? குடல் வெந்த பின்னும் குடிக்கிறவர் எந்தத் தெருவில் இல்லை? தன் தவறால் கெட்டவனுக்கு இரக்கமே கிடையாது என்று சட்டம் போட்டால், அந்த இரக்கத்தைப் பெற யோக்கியதை உள்ளவர் உலகத்தில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

அன்றியும், "வினை அறுத்தான்" என்கிற இந்த வார்த்தையை நாம் வெகுகாலமாய் அறிவோம். ஏழை ஏன் ஏழை என்று கேட்டபோது, "போன ஜென்மத்து வினை" என்றார்கள். தாழ்த்தப்பட்டவன் ஏன் தாழ்ந்தான் என்று கேட்டபோதும் அதையே சொன்னார்கள். பிறர் துன்பத்தைக் கண்டு மனம் கல்லாயிருப்பதற்குக் கண்டுபிடித்த சமாதானமே அது. வண்டியிலிருந்து விழுந்ததற்குக் காரணம் உண்டு. அதை ஆராய வேண்டும். ஆனால் காரணம் வேறு, தண்டனை வேறு. கூரையேறிய குழந்தை விழுந்தால், அது ஏறியதுதான் காரணம். அதற்காக அந்த அடி அதற்குத் தகுந்த தண்டனை என்று எந்த மனிதனாவது சொல்லுவானா?

கிரிக்கெட் ஆட்டக்காரர் ரிஷப் பந்த் 2022-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி விடியுமுன், தன்னந்தனியாய்க் கார் ஓட்டிக்கொண்டு போய், ரூர்க்கி பக்கத்தில் சாலை நடுத்தடுப்பில் மோதினார். கார் தீப்பற்றியது. அவரை முதலில் காப்பாற்ற ஓடி வந்தவர்கள் ஹரியானா அரசு பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும். அடிபட்டவர் யார் என்று அந்த டிரைவருக்கு அப்போது தெரியாது. தூங்காமல் கார் ஓட்டியது யார் குற்றம் என்று அவர் விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. மனிதன் துடிக்கிறான் என்பது ஒன்றே அவருக்குப் போதுமாயிருந்தது. இரக்கம் என்றால் அதுதான். அதற்குப் பேரும் வேண்டாம், புகழும் வேண்டாம், நற்சாட்சிப் பத்திரமும் வேண்டாம்.

இனி, "ஐயோ அண்ணா" என்று அழுகிற தோழர்களிடம் வருவோம். அழுவதை நாம் தடுக்கவில்லை. ஆனால் எதற்காக அழுகிறீர்கள் என்று கேட்கிறோம். மனிதன் அடிபட்டான் என்றா, அல்லது நீங்கள் கும்பிட்ட சாமி அடிபட்டது என்றா?

மனிதன் என்பதற்காக என்றால், இந்தக் கணக்கைக் கேளுங்கள். 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் ரோட்டு விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 461 பேருக்கு மேல் ஆகிறது. நம் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நம் மாகாணந்தான் அவ்வருஷம் நாட்டிலேயே முதலிடம். செத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். தலைக்கவசம் போடாமல் செத்தவர்கள் 50,029 பேர். இவர்களில் எத்தனை பேருக்காக நீங்கள் அழுதீர்கள்? பாவு நூல் வாங்கப் போனவர், பால் கொண்டுபோனவர், ஒழுங்காய் ஓரமாய் நடந்துபோன கிழவி, இவர்கள் யாருடைய வேகத்திற்கோ பலியானார்கள். இவர்களுக்குப் படம் இல்லை, பாட்டு இல்லை, பத்திரிகையில் இரண்டு வரிக்குமேல் இடமில்லை. துக்கத்திலும் மேல்ஜாதி கீழ்ஜாதி உண்டாக்கிவிட்டோமா என்று கேட்கிறோம்.

சாமி அடிபட்டது என்பதற்காக என்றால், அந்தச் சாமியை உண்டாக்கியவர் யார் என்று யோசியுங்கள். கோயிலில் உள்ள கல்லுக்குப் பால் ஊற்றுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற வாலிபன், சினிமாக்காரரின் அட்டைப் படத்திற்குப் பால் ஊற்றுகிறான். 2023-ஆம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி சென்னை கோயம்பேட்டில், "துணிவு" படம் வெளிவந்த கொண்டாட்டத்தில், ஓடுகிற லாரியின் மேல் ஏறி ஆடிய 19 வயதுப் பையன் கீழே குதித்து முதுகெலும்பு முறிந்து இறந்தான். அந்தப் பக்தி அவனுக்குக் கொடுத்த பிரசாதம் அதுதான். வேகமாய் ஓட்டுகிறவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பார்க்கிறவர்களின் எண்ணிக்கையிலிருந்துதான் வருகிறது. சாதாரணமாய் ஓட்டினால் பார்ப்பார் இல்லை. தூக்கி ஓட்டினால் லட்சம் பேர். ஆகவே பார்க்கிற ஒவ்வொருவரும் "இன்னும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம் உயரம்" என்று காசு கொடுத்துக் கேட்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பின்பு அவர் விழுந்தவுடன் அழுதால், அந்தக் கண்ணீருக்கு என்ன மதிப்பு?

"கடவுள் அருளால் உயிர் பிழைத்தார்" என்றும் சிலர் சொல்லுவார்கள். அவர் உடம்பில் விலையுயர்ந்த பாதுகாப்பு உடையும் தலையில் கவசமும் இருந்தன, பிழைத்தார். அதைப் பார்த்துவிட்டு நம் தெருப் பையன், கடன் வாங்கிய வண்டியில், லுங்கியோடு, வெறுந்தலையோடு சக்கரத்தைத் தூக்குகிறானே, அவனுக்கு எது கவசம்? புது வண்டி வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். எலுமிச்சம்பழத்திற்குக் காட்டுகிற அக்கறையில் கால்பங்கைத் தலைக்கவசத்தின் வாரை மாட்டுவதில் காட்டினால், அந்த 50,029 பேரில் எத்தனையோ பேர் இன்று வீட்டில் இருப்பார்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற பலம் நாலு மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இந்தக் கணக்கு பக்தனுக்கும் ஒன்றுதான், நாத்திகனுக்கும் ஒன்றுதான், லட்சம் பேர் பார்க்கிறவருக்கும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் பால் வாக்கர் என்கிற நடிகர் கார்ப் பந்தயப் படங்களால் உலகப் புகழ் பெற்றவர். 2013-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி, அவர் நண்பர் ஓட்டிய காரில் போனபோது, மணிக்கு 45 மைல் போக வேண்டிய இடத்தில் 80 மைலுக்கு மேல் போய், மோதி, இருவரும் இறந்தார்கள். உலகம் அழுதது. ஆனால் அழுதவர்களில் எத்தனை பேர் மறுநாள் தங்கள் வேகத்தைக் குறைத்தார்கள்? நம் நாட்டில் பெரும் பணக்காரரான சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4-ந் தேதி கார் விபத்தில் இறந்தார். பின் இருக்கையில் பெல்ட் கட்டாமல் இருந்தார். பின் இருக்கைக்கும் பெல்ட் வேண்டும் என்ற விதி முன்பே இருந்தது. அவர் இறந்த பிறகே நாடெங்கும் அந்தப் பேச்சு எழுந்தது. துக்கத்தால் ஒரு பயன் உண்டென்றால் அதுதான். தறியில் இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்கிறார்? தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி, முடிச்சுப் போட்டபின் நெய்கிறார். சேலையைப் பார்த்து ஒப்பாரி வைத்தால் இழை சேருமா?

முடிச்சுப் போடாத துக்கத்தின் பலனையும் பாருங்கள். இங்கே விழுந்து எழுந்த அதே வாசன் மீது, 2024 மே மாதம் மதுரையில், கைபேசியில் பேசிக்கொண்டே கார் ஓட்டியதாக மறுபடியும் வழக்கு வந்து, மறுபடியும் கைதானார். கூட்டமோ மறுபடியும் கைதட்டத் தயாராக இருந்தது. அழுதவர்களாலும் அவருக்கு நன்மையில்லை, சிரித்தவர்களாலும் நன்மையில்லை.

ஆகவே தோழர்களே! நாம் சொல்லுவது இதுதான். அடிபட்டவன் யாராயிருந்தாலும் இரக்கப்படுங்கள், ஓடிப்போய்த் தூக்குங்கள். ஆனால் புகழுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் கூடுதலாய் விடாதீர்கள். இரக்கப்பட்டதனால் குற்றத்தை மன்னித்துவிட்டதாக ஆகாது. பிறர் நடமாடும் ரோட்டைத் தன் விளையாட்டுக் களமாக்க எவனுக்கும் உரிமை கிடையாது. தாய்மார்களே! உங்கள் பிள்ளை கைபேசியில் யாரைப் பார்த்துக் கைதட்டுகிறான் என்று கேளுங்கள். வாலிபர்களே! உங்களுக்கு உண்மையில் அந்த மனிதர் மேல் அன்பு இருந்தால், அவர் சக்கரத்தைத் தூக்கும்போது பார்க்காதீர்கள். பார்ப்பார் இல்லாத சாகசத்தைச் செய்வார் இல்லை. விழுந்தபின் அழுவதைவிட, விழாமல் செய்வதே அன்பு என்று சொல்லி, இத்துடன் நம் பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.