பெயரும் வேரும்
(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆடி அமாவாசை நாளில் நீத்தார் கடன் செலுத்த வருவோரிடம் குருக்கள் மூன்று பெயர்களைக் கேட்கின்றார்: தந்தையார் பெயர், பாட்டனார் பெயர், பூட்டனார் பெயர். முதற்பெயர் உடனே வருகின்றது. இரண்டாம் பெயர் சற்றே தயங்கி வருகின்றது. மூன்றாம் பெயரைக் கேட்டதும் பலர் தலை குனிகின்றனர். கையில் எள்ளும் நீரும் இருக்கின்றன. நாவில் பெயர் இல்லை. கடல் கடந்து வந்து காடு வெட்டிய மனிதரின் பெயர், அவர்தம் கொள்ளுப்பேரன் காலத்திலேயே மறைந்துவிடுகின்றது. இது வருந்தத்தக்கது, ஆயினும் மீட்க முடியாததன்று.

இந்நிலைக்குக் காரணம் யாது? சீனர்க்கும் ஆங்கிலேயர்க்கும் இருப்பதுபோல் தலைமுறை தோறும் தொடர்ந்து வரும் குடும்பப் பெயர் தமிழரிற் பெரும்பாலோர்க்கு இல்லை. தந்தையின் பெயரே மகனுக்கு முன்னெழுத்து. மலேசிய அடையாள அட்டையில் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பவற்றின் சுருக்கத்தை அடுத்துத் தந்தையார் பெயர் மட்டுமே நிற்கின்றது. ஆகவே, ஒவ்வொரு தலைமுறையிலும் முந்திய பெயரொன்று உதிர்கின்றது. இதற்கு மாற்றாகவே நம் முன்னோர் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இட்டனர். ‘பெயரன்’ என்ற சொல்லே ‘பேரன்’ ஆயிற்று. அவ்வழக்கம் அருகியதால் அந்தச் சங்கிலியும் அறுந்தது.

தென்னாப்பிரிக்காவின் நத்தால் பகுதிக்குச் சென்ற தமிழர் வரலாறு இங்கே ஒப்பு நோக்கத்தக்கது. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்ற இந்தியர் 152,184 பேர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் வழங்கப்பெற்றது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், சிற்றூர் ஆகியன கப்பற் பதிவேட்டில் எழுதப்பெற்றன. அப்பதிவுகள் இன்று குவாசூலு-நத்தால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தின் வாயிலாக ஆய்வோர்க்குக் கிடைக்கின்றன. எழுத்தர் காதில் விழுந்த ஒலியே அங்குக் குடும்பப் பெயராயிற்று. முதலியார் ‘மூட்லி’ ஆனார். கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார். பெயர் சிதைந்தது உண்மை. ஆனால் எண் இருந்தமையால் ஊர் தப்பியது.

மலாயாவின் நிலை வேறு. ஒப்பந்தக் கூலிமுறை இங்கு 1910-இல் முடிவுற்றது. அதன் பின்னர்க் கங்காணி முறையே ஓங்கி நின்றது. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புதலைத் தடை செய்யும் வரை நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் வந்தவண்ணம் இருந்தன. வந்தவர் ஒவ்வொருவர்க்கும் நத்தாலைப் போல முழுமையான பதிவுத் தொகுப்பு இங்கு இல்லை. எனினும் கங்காணி முறையிலேயே ஒரு துப்பு உண்டு. கங்காணி தம் சொந்த ஊருக்குச் சென்று, உற்றாரையும் அக்கம்பக்கத்தாரையுமே அழைத்து வந்தார். ஆகவே, ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பலவும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தனவாய் இருத்தல் கூடும். தம் பூட்டனார் ஊர் அறியாதவர், அடுத்த வீட்டுப் பூட்டனாரின் ஊரை விசாரித்தல் நலம்.

தேடுதலுக்கு ஒரு முறை உண்டு. தம்மிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். முதலில் வீட்டுப் பெட்டி: பிறப்புச் சான்றிதழ், பழைய கடப்பிதழ், குடியுரிமைத் தாள், அவசரகாலத்தில் 1948 முதல் வழங்கப்பெற்ற அடையாள அட்டை. அடுத்து, தோட்டத்துச் செக்ரோல் ஏடு எஞ்சியிருப்பின் அது. அதன் பின்னரே ஆவணக்காப்பகம். 1957-இல் தொடங்கப்பெற்ற மலேசியத் தேசிய ஆவணக்காப்பகமும், 1968-இல் நிறுவப்பெற்ற சிங்கப்பூர்த் தேசிய ஆவணக்காப்பகமும் பழைய அரசாங்கக் கோப்புகளைப் பேணி வருகின்றன. சிங்கப்பூரில் முதியோரின் வாய்மொழி வரலாறும் பதிவு செய்யப்பெற்றுள்ளது. 1887-இல் தோன்றிய ‘சிங்கை நேசன்’, 1924-இல் தொடங்கி 2019-இல் நின்ற ‘தமிழ் நேசன்’, 1935 முதல் வரும் ‘தமிழ் முரசு’ ஆகிய இதழ்களின் மரண அறிவிப்புகளும் நன்கொடைப் பட்டியல்களும் பெயர்ச் சுரங்கங்கள். 1956-இல் தொடங்கப்பெற்ற மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை போன்ற இடங்களில் எழுதப்பெற்ற ஆய்வேடுகளையும் புறக்கணித்தல் கூடாது. கடலுக்கு அப்பால், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகமும், இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளும் உள்ளன.

தேடுவோர் மூன்று செய்திகளை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஒன்று, எழுத்துக்கூட்டல். ‘பிள்ளை’ என்ற பெயரை ஆங்கிலத்தில் ஓர் எழுத்தர் ‘ஐ’ எழுத்தால் முடித்தார்; மற்றொருவர் ‘ஒய்’ எழுத்தால் முடித்தார். ழகரமோ ஒவ்வோர் ஏட்டிலும் ஒவ்வொரு கோலம் கொண்டது. அண்ணன் தம்பியர் இருவர் இரு வேறு குடும்பத்தார்போல் தோன்றுதலும் உண்டு.

இரண்டு, நினைவின் தடுமாற்றம். “தாத்தா 1920-இல் ரஜுலா கப்பலில் வந்தார்” என்று ஒரு வீட்டில் கூறுவர் எனக் கொள்வோம். அக்கப்பல் கட்டப்பட்டதே 1926-இல்தான். எனவே ஆண்டு பிழையாதல் வேண்டும். அன்றேல் கப்பல் பிழையாதல் வேண்டும். பெரியோர் பொய்யுரைக்கவில்லை. பின்னாளில் ஊர் சென்று திரும்பிய பயணம் முதற்பயணத்தோடு கலந்திருத்தல் கூடும்.

மூன்று, பெயரே ஊரைச் சுட்டும். சுடலைமுத்து என்ற பெயர் திருநெல்வேலிச் சீமையை நினைவூட்டும். கொளஞ்சி என்பது விருத்தாசலம் பக்கத்துக் கொளஞ்சியப்பரை நினைவூட்டும். இவை முடிவான சான்றல்ல. தேட வேண்டிய திசையைக் காட்டும் கைகாட்டிகள். அவற்றினும் உறுதியான துப்பு குலதெய்வமே. ஊர்ப் பெயரை மறந்த குடும்பமும் குலதெய்வத்தின் பெயரை எளிதில் மறப்பதில்லை.

இவ்விடத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் முறை போற்றற்குரியது. இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது கோயில்களுள் ஒன்றைச் சார்ந்தே அவர்தம் ஒவ்வொரு குடும்பமும் நிற்கின்றது. மணம் முடித்ததும் அக்கோயிலில் புள்ளியாகப் பதிவு பெறுகின்றது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் ‘விலாசம்’ எனத் தொடர்கின்றன. கோயிலே அவர்களுக்கு ஆவணக்காப்பகம். ஒரு சமூகம் செய்துகாட்டியதை ஏனையோர் செய்ய இயலாதா?

தேடல் சென்று முட்டும் இடமும் ஒன்று உண்டு. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்வீரர்களின் கல்லறைகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய பெயர் பொறித்த கல் இல்லை. ஏடு கைவிட்ட அம்மனிதர்க்குக் குடும்பத்தின் நினைவு ஒன்றே நடுகல். பாட்டி சொன்ன ஒரு பெயரை எழுதி வைக்காவிடின், அவர் இரண்டாம் முறையும் இறக்கின்றார்.

இன்னொன்றும் தெளிவாக்கப்பெறல் வேண்டும். பழைய ஏடுகளில் சாதி என்னும் கட்டம் இருக்கும். வேரைத் தேடுதல் அக்கட்டத்தைப் புதுப்பிப்பதற்கன்று. பெருமை தரும் முன்னோரை மட்டும் பொறுக்கி எடுத்தலும் நேர்மையாகாது. கூலியாய் வந்தவரும், கடனுக்கஞ்சி ஊரை விட்டவரும், யாருமற்று வந்த பெண்ணும் நம் முன்னோரே. பெண்களின் பெயர்கள் ஏடுகளில் குறைவு; ஆதலின் பாட்டி, பூட்டியின் பெயர்களை முதலில் எழுதிக்கொள்ளல் தகும்.

இறுதியாக, திருக்கோயில்களுக்கும் ஒரு கடமை உண்டு. பழைய நன்கொடைப் புத்தகங்களும், உபயக்காரர் பட்டியல்களும், திருமணப் பதிவுகளும், கும்பாபிடேக மலர்களும் பழைய காகிதம் அல்ல. கறையான் தின்ற ஒவ்வோர் ஏட்டோடும் ஒரு குடும்பத்தின் பூட்டனார் மறைகின்றார். அவற்றைப் படியெடுத்துப் பேணுதல் கோபுரத்திற்கு வண்ணம் தீட்டுதலினும் குறைந்த திருப்பணியன்று.

அன்பர்களே, இன்று இல்லம் திரும்பியதும் வீட்டின் மூத்தோர் அருகில் அமர்ந்து, மூன்று தலைமுறைப் பெயர்களையும் ஊரையும் குலதெய்வத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் மறைந்து வரும் காலம் இது. மூத்தோரும் ஒவ்வொருவராய் விடைபெறுகின்றனர். அடுத்த ஆடி அமாவாசையில் குருக்கள் மூன்றாம் பெயரைக் கேட்கும்பொழுது, ஒரு குரலேனும் தயங்காது ஒலிக்குமாயின் இச்சொற்பொழிவு பயன் பெற்றதாகும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.