பூட்டிய வீட்டு ஸ்கூட்டர்



காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்க்கிறோம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்தால் கடைத்தெருவுக்குப் போய்வர ஒரு ஸ்கூட்டர் வாங்கி முகப்பில் நிறுத்தியிருப்பார்கள். அது ஒரு நாள் விலைக்கு வரும். "ஓடவே ஓடாத வண்டிங்க, மீட்டரைப் பாருங்க, நாலாயிரம்கூட ஆகலை" என்பார் தரகர். வாங்குகிறவருக்கு வாயெல்லாம் பல்.

என்னைக் கேட்டால், தினமும் வேலைக்குப் போய்வந்து, காலாகாலத்தில் ஆயில் மாற்றிய ஏழு வருஷத்து வண்டியே இதைவிட மேல். ஓடாமல் நின்றே கெடும் பொருள் ஸ்கூட்டர்.

முதலில் பெட்ரோல். மாதக்கணக்கில் கார்புரேட்டரில் தேங்கி நின்றால் ஆவியானது போக அடியில் பிசுக்குப் படியும். ஐட்லிங்குக்கு எரிபொருள் விடும் ஸ்லோ ஜெட்டின் துளை மயிரிழை அளவுதான். பிசுக்கு அதை அடைத்துவிடும். சோக் போட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்ததும் நின்றுபோகும். இந்த அறிகுறியைக் கண்டால் எஞ்சினே போச்சு என்று பயப்பட வேண்டாம். கார்புரேட்டரைக் கழற்றி, கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும். ஆனால் கம்பியை விட்டுக் குத்த விடாதீர்கள். துளை பெரிதானால் அப்புறம் மைலேஜ் கிடைக்காது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 புகை விதி வந்தபின் வந்த ஸ்கூட்டர்களில் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர். அவற்றில் பழைய பெட்ரோலை டேங்கோடு வடித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

பாதி காலியான டேங்குக்குள் ஈரக்காற்று குளிர்ந்து நீராகும், துரு பிடிக்கும். பேட்டரியும் அப்படித்தான். சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிவிடும், பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் நிற்காது. இரண்டுமே மின்வேதியியல் சங்கதிகள். இதற்கென்றே நம்மூர் காரைக்குடியில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சுருக்கமாகச் சிக்ரி, தான் அது. பேட்டரியும் உலோக அரிப்பும் அங்கே நடக்கும் ஆராய்ச்சிகள். அந்த ஊர்க்காரர்கள் நாம், டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக்கூடப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம்.

டயர் மொட்டையாகாமல் புதிதுபோலத்தான் தெரியும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2317 என்றிருந்தால் 2017-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்த டயர். நெடுநாள் நின்ற வண்டியில் அந்த எண்ணைச் சுற்றிலும் கீறல் விட்டிருக்கும். கீறல் தெரிந்தால் பேசாமல் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் குழாய், பெல்ட் எல்லாமே ரப்பர்தான், அவற்றையும் பாருங்கள். சைலன்சர் வாயில் குளவிக் கூடு இருக்கலாம், சீட்டுக்கு அடியில் எலி ஒயரைக் கடித்திருக்கலாம்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உடனே கிக்கரை மிதிக்காதீர்கள். மெக்கானிக்கிடம் சொல்லி பிளக்கைக் கழற்றி, உள்ளே சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, சாவி போடாமல் மெதுவாக நாலைந்து முறை மிதிக்கச் சொல்லுங்கள். காய்ந்து கிடக்கும் சிலிண்டர் சுவரில் கீறல் விழாமல் தப்பிக்கும். எஞ்சின் ஆயிலை மாற்றும்போது பின்சக்கரப் பக்கத்துக் கியர் ஆயிலையும் கேட்டு மாற்றுங்கள். கேட்காவிட்டால் பல பட்டறைகளில் அதைத் தொடமாட்டார்கள்.

ஓடித் தேய்ந்த வண்டிக்கு வைத்தியம் சுருக்கம். நம் செம்மண் புழுதிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ, பிரேக் ஷூ இந்த நான்கையும் பார்த்துவிட்டால் முக்கால்வாசிக் குறை தீர்ந்தது.

பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் கிடைத்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. 1972-ல் வந்த அந்த ரகம் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். கியர் இல்லாத வண்டியிலேயே பழகிய பிள்ளைகளுக்கு இது தெரியாது, சொல்லிக் கொடுங்கள்.

இனி, ஆல்ட்டர் செய்யும் ஆசை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு விற்பவர் முதலில் பெயிண்டைச் சுரண்டி மரத்தைப் பார்ப்பார், பாலிஷ் பிறகுதான். வண்டிக்கும் அதே வரிசை. பிரேக் சரியாகாத வண்டிக்கு எல்.இ.டி. விளக்கு எதற்கு?

இழுவை வேண்டுமென்றால் பெல்ட்டை இயக்கும் வேரியேட்டரில் எடை குறைந்த ரோலர் போடலாம். புறப்படும் வேகம் கூடும், பெட்ரோலும் கூடச் செலவாகும். சைலன்சரின் உள்தடுப்பை எடுத்தால் சத்தம் கூடும், சக்தி கூடுகிறது என்பது பெரும்பாலும் காதுக்கு வரும் பிரமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமேகூட விதிக்கலாம். நிறம் மாற்றலாம், ஆனால் அதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

சட்டமே கைகொடுக்கும் ஒரு மாற்றம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்காகப் பின்னால் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். நம் மாநில அரசே அப்படிப்பட்ட வண்டிகளை வழங்கிவருகிறது. பழைய ஸ்கூட்டரை ஆல்ட்டர் செய்து யாராவது பெருமைப்படலாம் என்றால் அது இதற்குத்தான்.

கடைசியாகக் காகிதம். விற்பவரும் வாங்குபவரும் 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்திட வேண்டும். பூட்டிய வீட்டு வண்டியில் ஒரு சிக்கல், ஆர்.சி.யில் பெயர் உள்ள பெரியவர் காலமாகியிருக்கலாம். அப்படியானால் வாரிசு முதலில் 31-ஆம் படிவம் கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிய பிறகுதான் உங்களுக்கு விற்க முடியும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவர்களுக்கும் சொல்கிறேன், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியை வாங்கியவர் விபத்து செய்தால் இழப்பீட்டு நோட்டீஸ் சென்னைக்கு உங்களைத் தேடி வரும். ஆகவே பெயர் மாற்றம் முடியும்வரை வாங்குபவர் முழுத் தொகையைக் கொடுக்க வேண்டாம், விற்பவர் சாவியைக் கொடுக்க வேண்டாம்.